இளைப்பாறுதலும் தனிமையும்: பிரித்தானிய அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முதுமையும் தனிமையும் இணைபிரியாதவை என்று கருதுவது இன்று பெருவழக்காகிவிட்டது. 2018ஆம் ஆண்டு ஜனவரியிலே பிரித்தானிய அரசாங்கம் தனிமைப் பிரச்சினையைக் கவனிப்பதற்கென அமைச்சர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 2021இல் யப்பானும் அதனைப் பின்பற்றியது. 2023ஆம் ஆண்டு நவம்பரிலே உலகச் சுகாதார நிறுவனம் சமூகத் தொடர்பு பற்றி ஆராய்வதற்கு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. தனிமை எவ்வயதினரையும் பற்றக்கூடியதே. ஆயினும் இவ்விடயம் பேசப்படும்போதெல்லாம் இளைப்பாறியோரே முதலில் நினைவுக்கு வருகின்றனர். அவர்களுக்குக் கூறப்படும் அறிவுரைகளும் பெரும்பாலும் ஒரே தன்மையன. புதிய நண்பர்களைத் தேடிக்கொள்ளுங்கள், பொழுதுபோக்கொன்றைப் பழகிக்கொள்ளுங்கள், வீட்டிலே அடைந்து கிடவாதீர்கள் என்பனவே அவை.

இவ்வறிவுரைகளிலே தவறேதுமில்லை. ஆனால் அவற்றின் அடியிலே ஓர் எடுகோள் மறைந்து கிடக்கின்றது. தனிமை என்பது தனிமனிதரின் குறைபாடு, அவர் முயன்றால் அதனைத் தவிர்த்துக்கொள்ளலாம், முயலாதவிடத்து அதற்கு அவரே பொறுப்பாளி என்பதே அவ்வெடுகோள். இதற்கு நேரெதிரான மற்றோர் எடுகோளும் உண்டு. கூட்டுக் குடும்பம் சிதைந்தமையாலேயே முதியோர் தனித்துப்போயினர், பண்டைக் காலத்திலே அவர்கள் பிள்ளைகளும் பேரர்களும் சூழ வாழ்ந்தனர் என்பது அது. முன்னையது குற்றத்தை முதியவர் மீது சுமத்துகின்றது. பின்னையது அவருடைய பிள்ளைகள் மீது சுமத்துகின்றது. இரண்டும் உழைப்பைப் பற்றியோ, உழைப்பு ஒழுங்கமைக்கப்படும் முறையைப் பற்றியோ யாதும் பேசுவதில்லை.

இக்கட்டுரையிலே பிரித்தானியாவின் அனுபவத்தை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் மூன்று. கைத்தொழிற் புரட்சி முதலில் நிகழ்ந்த நாடு அது. இளைப்பாறியோரின் சமூக வாழ்க்கை நுணுக்கமாக ஆராயப்பட்ட நாடுகளுள்ளும் அது முக்கியமானது. இவற்றுக்கும் மேலாக, இளைப்பாறுதல் என்னும் நிறுவனம் நமது நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் அங்கிருந்தேயாகும்.

1. பொற்காலம் ஒன்று இருந்ததா?

முன்னைய இங்கிலாந்திலே மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. இதனை ஆதாரபூர்வமாக மறுத்தவர் கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் பீற்றர் லாஸ்லற். 1965இல் வெளிவந்த தமது நூலிலும், 1964இல் அவரும் ரொனி றிக்லியும் தொடக்கிவைத்த குடித்தொகை வரலாற்று ஆய்வுக்குழுவின் பணிகளிலும், பழைய குடிப்பட்டியல்களை அவர் நுணுகி ஆராய்ந்தார். பதினாறாம் நூற்றாண்டு முதல் கைத்தொழிற் காலம் வரை இங்கிலாந்தின் சராசரி வீட்டுக் குடும்பத்தின் அளவு ஐவருக்கும் குறைவாகவே, ஏறக்குறைய 4.75 ஆகவே, இருந்துவந்ததென்பது அவ்வாய்வுகளின் முடிவாகும். பெற்றோரும் மணமாகாத பிள்ளைகளும் கொண்ட சிறு குடும்பமே அங்கு வழமையானதாக இருந்தது. மணமான பிள்ளைகள் தனிக்குடித்தனம் சென்றனர். முதியோர் பலர் தமது சொந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்தனர். கைவிடப்பட்டோருக்கு 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்படி திருச்சபைப் பங்குகள் உதவியளித்தன.

இம்முடிவு நமது விசாரணைக்கு மிக முக்கியமானது. கூட்டுக் குடும்பம் அங்கு பெருவழக்காக இருந்ததேயில்லை எனின், அது சிதைந்தமையால் தனிமை தோன்றிற்று என்று கூறுதல் பொருந்தாது. அவ்வாறாயின் அக்கால முதியவரைச் சமூகத்தோடு பிணைத்தது யாது? வேளாண்மையிலும் கைவினையிலும் ஈடுபட்டிருந்தவருக்கு உழைப்பினின்று விலகும் நாள் என ஒன்று குறிக்கப்பட்டிருக்கவில்லை. ஏரைப் பிடிக்க இயலாதவர் வேலியைக் கட்டினார். தறியில் அமர இயலாதவர் நூலைச் சுற்றினார். உடல் தளரத் தளர வேலை சுருங்கியதேயன்றி ஒரு நாளிலே அற்றுப்போகவில்லை. இந்நிலையை இலட்சியமயப்படுத்துதல் கூடாது. சாகும்வரை உழைப்பது பலருக்குத் தெரிவன்று, வறுமையின் கட்டாயமே. எனினும் உழைக்கும் இடமும் வாழும் இடமும் ஒன்றாக இருந்தமையால், உழைப்பினூடாக அமைந்த மனிதத் தொடர்புகள் வயதெல்லையொன்றினால் வெட்டுண்டு போகவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. தொழிற்சாலையும் ஓய்வூதியமும்

தொழிற்சாலை இந்நிலைமையைத் தலைகீழாக மாற்றியது. வேலைத்தலம் வீட்டினின்று பிரிந்தது. வேலையின் வேகத்தை இயந்திரம் தீர்மானித்தது. கைத்திறனும் அனுபவமும் பெற்றிருந்த மதிப்பு குறைய, உடலின் வேகமே அளவுகோலாயிற்று. வேகங் குறைந்தவர் முதலிலே குறைந்த கூலிக்கும், பின்னர் தெருவுக்கும் தள்ளப்பட்டார். 1834ஆம் ஆண்டின் புதிய வறியோர் சட்டம் அத்தகையோருக்குக் காட்டிய வழி வறியோர் இல்லமாகும். அங்கே கணவனும் மனைவியும் தனித்தனிப் பகுதிகளிலே பிரித்து வைக்கப்பட்டனர். அறுபது வயதைக் கடந்த தம்பதியர் சேர்ந்து வாழ அனுமதி கேட்கும் உரிமை 1847இலேயே சட்டத்தில் இடம்பெற்றது. முதியோரின் தனிமை அரசாங்கத்தின் விதியாகவே எழுதப்பட்டிருந்த காலம் அது.

இக்கொடுமைக்கு எதிரான போராட்டத்தின் விளைவே ஓய்வூதியம். ஜேர்மனியிலே பிஸ்மார்க் சமதர்ம இயக்கத்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் நோக்குடன் 1889இல் முதுமைக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் வயதெல்லை 70 ஆக இருந்து 1916இல் 65 ஆயிற்று. பிரித்தானியாவிலே அரசாங்க உத்தியோகத்தருக்கு 1859ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஓய்வூதியம் முறைப்படுத்தப்பட்டிருந்தது. தொழிலாளருக்கு அது கிட்டுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு வாரத்துக்கு ஐந்து சிலிங் வரை வழங்கப்பட்டது. 1909 ஜனவரி முதல் நாளன்று ஏறக்குறைய ஐந்து இலட்சம் முதியோர் இவ்வுரிமையைப் பெற்றனர். வறியோர் இல்லத்தின் இழிவு இதிலே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று, தமது பணத்தைத் தாமே பெற்றுக்கொண்டனர்.

1908ஆம் ஆண்டின் ஓய்வூதியத்தைப் பெறுவதற்கு ஒருவர் வேலையை விட்டு விலகவேண்டும் என்ற நிபந்தனை இருக்கவில்லை. இது நோக்கற்பாலது. 1925இல் பங்களிப்பு முறையிலான ஓய்வூதியம் 65 வயதினருக்கு வகுக்கப்பட்டபோதும் அந்நிபந்தனை இல்லை. 1946ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டமே 'முதுமை ஓய்வூதியம்' என்பதை 'இளைப்பாற்று ஓய்வூதியம்' ஆக்கி, வழமையான வேலையினின்று விலகுதலை நிபந்தனையாக்கிற்று. 1989 வரை அந்நிலை ஏதோ ஒரு வகையில் நீடித்தது. இதன் விளைவு தொகை மதிப்பீடுகளில் நன்கு தெரிகின்றது. 1881இலே 65 வயதைக் கடந்த ஆண்களுள் ஏறக்குறைய நால்வரில் மூவர் உழைப்போராகப் பதியப்பட்டனர். 1951இலே அத்தொகை மூவரில் ஒருவர் என்ற அளவினும் குறைந்தது. 1981இலே பத்துப் பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. நூறாண்டுக்குள் ஒரு புதிய சமூகப் பிரிவு உருவாகிவிட்டது. ஓய்வூதியம் வறுமையினின்று பெற்ற விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விடுதலை, கூட்டு உழைப்பினின்று விலக்கப்படுதல் என்ற விலையோடு வந்தது.

3. தனிமையின் கண்டுபிடிப்பு

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிலேயே முதியோரின் தனிமை ஆய்வுப்பொருளாக எழுந்தது. சீபோம் றௌன்றி தலைமையிலான குழுவின் அறிக்கை 1947இலே வெளிவந்தது. பணப்பற்றாக்குறைக்கு அப்பால், தனிமையே முதியோரை வருத்தும் பெருந்துயர்களுள் ஒன்றென அது கண்டது. மறு ஆண்டிலே ஜோசப் ஷெல்டன் என்னும் மருத்துவர் வுல்வர்ஹாம்ரன் நகரத்து முதியோரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்.

எனினும் இப்பொருளை அறிவியல் நெறியிலே நிறுத்தியவர் பீற்றர் ரௌன்சென்ட் எனலாம். இலண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள பெத்னல் கிறீன் துறைமுகத்தையும் பட்டறைகளையும் நம்பி வாழ்ந்த தொழிலாளர் வட்டாரம். 1954இலே அங்கு மைக்கல் யங் நிறுவிய சமுதாய ஆய்வு நிலையத்திலே பணியாற்றிய ரௌன்சென்ட், ஓய்வூதிய வயதை எய்திய 203 பேரை அவர்தம் வீடுகளிலே சந்தித்து உரையாடினார். 1957இலே அவ்வாய்வு நூலாயிற்று. யங் அவர்களும் பீற்றர் வில்மற் அவர்களும் அதே வட்டாரத்தின் உறவுமுறை பற்றி எழுதிய நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

ரௌன்சென்டின் முடிவுகளுள் மூன்று நமக்கு முக்கியமானவை. முதலாவது, அம்முதியோர் பெரும்பாலும் கைவிடப்பட்டவரல்லர். தனி வீட்டில் வாழ்ந்தவருக்கும் அடுத்த தெருவிலே மகளோ மகனோ இருந்தனர். நாள்தோறும் போக்குவரத்து இருந்தது. இரண்டாவது, தனித்திருத்தலும் தனிமையுணர்வும் ஒன்றல்ல. தனித்திருத்தல் என்பது ஒருவர் எத்தனை பேரோடு பழகுகின்றார் என எண்ணிப் பார்க்கத்தக்க புறநிலை; தனிமையுணர்வோ அகநிலை. மிகச் சிலரோடு மட்டும் பழகியும் தனிமையை உணராதோர் இருந்தனர். உறவினர் சூழ இருந்தும் அதனால் வாடியோர் இருந்தனர். பின்னையோரை ஒன்றுபடுத்திய அம்சம், அண்மையிலே நேர்ந்த ஓர் இழப்பாகும். துணையின் மரணமோ, பிள்ளையின் பிரிவோ, வேறெந்த நெருங்கிய தொடர்பின் அறுதியோ அவ்விழப்பாக அமைந்தது. தொடர்புகள் குறைவாயிருத்தல் அன்று, இருந்த தொடர்பு அறுந்துபோதலே தனிமையுணர்வின் ஊற்று என்பது இதனாற் பெறப்பட்டது.

மூன்றாவது முடிவு ஆண் பெண் வேறுபாடு பற்றியது. பாட்டி, தாய், மகள் என்ற தொடர்பே அவ்வட்டாரத்தின் உயிர்நாடி. பேரப்பிள்ளைகளைப் பார்த்தல், சமைத்தல், பிரசவத்துக்கு உதவுதல் ஆகிய பணிகளினின்று பெண்ணை இளைப்பாற்றும் சட்டம் எதுவுமில்லை. முதுமையிலும் அவளுக்குப் பிறர் தேவைப்பட்டனர்; பிறருக்கு அவளும் தேவைப்பட்டாள். ஆணின் நிலை வேறு. அவனுடைய தோழமை வேலைத்தலத்திலே இருந்தது. வீட்டிலே அவனது மதிப்பு கூலியைக் கொண்டுவந்ததனாலே நிலைத்தது. வேலையின் இறுதி நாளிலே தோழமையும் கூலியும் மதிப்பும் ஒருங்கே போயின. பகற்பொழுதிலே வீட்டில் இருப்பதே இடைஞ்சல் எனக் கருதிப் பூங்கா ஆசனங்களைத் தேடிச் சென்றான். வருமானம் குன்றியதும் இதனைக் கடுமையாக்கிற்று. ஒரு கோப்பை மதுவைத் தானும் வாங்கிக் கொடுக்க இயலாதவன், நண்பன் வாங்கித் தருவதை ஏற்கவும் கூசுவான். கொடுக்கவியலாதவன் கூட்டத்தினின்று தானே ஒதுங்குகின்றான்.

கொடுத்தலும் கொள்ளலுமே தொடர்பின் உள்ளீடு என்பதை இம்மூன்று முடிவுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. ஆண்களின் தனிமைக்கும் பெண்களின் உறுதிக்கும் இயல்பான குணபேதம் காரணமன்று. ஒருவரிடமிருந்து பணி பறிக்கப்பட்டது. மற்றவரிடம், ஊதியமற்ற நிலையிலே, அது விடப்பட்டது. இவ்விரண்டாவது நிலையும் ஒரு சுரண்டலே என்பதை மறத்தல் தகாது.

4. இரக்கத்தின் எல்லை

இப்பிரச்சினைக்கு முதலிலே கிடைத்த விடை தருமசிந்தையின் பாற்பட்டது. 1940இலே முதியோர் நலன்புரிக் குழு ஒன்று தேசிய அளவிலே அமைந்தது. அதன் வழிவந்த அமைப்பே 1971 முதல் ஏஜ் கன்சேர்ண் எனப் பெயர்பெற்றது. போர்க்காலத்திலிருந்து மகளிர் தொண்டர் சேவை 'டார்பியும் ஜோனும்' என்ற பெயரிலே முதியோர் கழகங்களை ஊர்தோறும் அமைத்தது. தேநீரும் பாட்டும் சீட்டாட்டமும் அங்கிருந்தன. இவை பலருக்கு ஆறுதலளித்தன என்பது உண்மை. ஆனால் தேநீரை ஊற்றியவர் இளைய தொண்டர், குடித்தவர் முதியவர். கொடுப்போர் ஒரு பக்கத்திலும் கொள்வோர் மறுபக்கத்திலுமாக நின்றனர். பெத்னல் கிறீன் ஆய்வு சுட்டிய நோய்க்கு இது பாதி மருந்தே.

நிறுவனப் பராமரிப்பின் நிலை இதனினும் மோசமானது. 1962இலே ரௌன்சென்ட் வெளியிட்ட மற்றொரு நூல் இங்கிலாந்திலும் வேல்சிலுமுள்ள முதியோர் இல்லங்களை ஆராய்ந்தது. பழைய வறியோர் இல்லக் கட்டடங்கள் பல, பெயர் மாற்றத்துடன், முதியோரின் புகலிடங்களாகத் தொடர்ந்தமையை அது வெளிப்படுத்தியது. பெருங்கூடங்களிலே நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டிருந்தன. செய்வதற்கு ஏதுமற்றோர் பலர் அருகருகே அமர்ந்திருந்தனர். கூட்டமாக இருத்தல் தனிமைக்கு மருந்தாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே காலத்திலே ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கோட்பாடு எழுந்தது. கன்சாஸ் நகர ஆய்வை அடிப்படையாகக் கொண்டு எலேன் கமிங், வில்லியம் ஹென்றி ஆகியோர் 1961இலே வெளியிட்ட நூல், முதியவர் சமூகத்தினின்று படிப்படியாக விலகுவதும், சமூகம் அவரினின்று விலகுவதும் இயற்கையான நிகழ்வு என்றும், இரு பாலாருக்கும் நன்மை பயப்பது என்றும் வாதித்தது. வேலையினின்று விலக்கப்பட்டவர் விலகியிருத்தலைக் கண்டு, அதனை இயற்கை எனக் கொள்வது விளைவைக் காரணமாகக் கொள்வதாகும். இதற்கான வலுவான மறுப்பு பிரித்தானியாவிலிருந்து வந்தது. முதியோரின் சார்புநிலை இருபதாம் நூற்றாண்டின் சமூகக் கொள்கையாலே கட்டமைக்கப்பட்ட ஒன்று என 1981இலே ரௌன்சென்ட் எழுதினார். மறு ஆண்டிலே கிறிஸ் பிலிப்சன், முதலாளித்துவத்துக்கும் முதுமையின் உருவாக்கத்துக்குமுள்ள உறவைத் தனி நூலாகவே ஆராய்ந்தார்.

5. துலூசிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

கோட்பாட்டுத் துறையிலே இவ்விவாதம் நிகழ்ந்த அதே ஆண்டுகளிலே, நடைமுறையிலும் ஒரு புதிய முயற்சி பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறப்பிடம் பிரான்சு. 1968ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியை அடுத்து, அவ்வாண்டு நவம்பரிலே நிறைவேறிய உயர்கல்விச் சட்டம், வாழ்நாள் முழுவதுக்குமான கல்வியைப் பல்கலைக்கழகங்களின் கடமைகளுள் ஒன்றாக்கியது. 1973இலே துலூஸ் நகரிலே சர்வதேசச் சட்டப் பேராசிரியர் பியர் வெல்லா இளைப்பாறியோருக்கெனப் பல்கலைக்கழக வகுப்புகளைத் தொடங்கினார். முன்தகைமை கேட்கப்படவில்லை, கட்டணம் சொற்பம். 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்ற பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1975இலே இதற்கெனச் சர்வதேசச் சங்கமொன்றும் அமைந்தது. துலூஸ் முறையிலே கற்பித்தோர் பல்கலைக்கழக ஆசிரியர், கற்றோர் முதியோர்.

கேம்பிரிட்ஜிலே 1981இலே இக்கருத்தை ஏற்று, அதனை மாற்றியமைத்தோர் மூவர். ஒருவர், நாம் மேலே கண்ட வரலாற்றாசிரியர் லாஸ்லற். மற்றவர், பெத்னல் கிறீன் ஆய்வு நிலையத்தை நிறுவிய மைக்கல் யங். 1945ஆம் ஆண்டுத் தேர்தலிலே தொழிற்கட்சியின் கொள்கை அறிக்கையை எழுதியவரும் அவரே. மூன்றாமவர் கல்வியியலாளர் எரிக் மிட்வின்ரர். கூட்டுக் குடும்பப் பொற்காலம் என்னும் கட்டுக்கதையைத் தகர்த்தவரும், தொழிலாளர் வட்டாரத்தின் உறவுப் பின்னலை ஆராய்ந்தவருமே இவ்வியக்கத்தைத் தொடக்கினர் என்பது தற்செயலன்று. கடந்த காலத்துக்குத் திரும்பிச் செல்லுதல் இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவர்கள் செய்த மாற்றம் எளியது, ஆயினும் அடிப்படையானது. கற்பிப்போர், கற்போர் என்ற பிரிவை நீக்கினர். உறுப்பினருள் ஒன்றை அறிந்தவர் அதனைக் கற்பிப்பார். அவரே மற்றொரு நாள் வேறொருவரிடம் மாணவராக அமர்வார். தேர்வில்லை, பட்டமில்லை, ஊதியமில்லை. வகுப்புகள் உறுப்பினரின் வீடுகளிலும் ஊர் மண்டபங்களிலும் நடைபெற்றன. செயலாளர், பொருளாளர், நாற்காலி அடுக்குவோர், தேநீர் தயாரிப்போர் யாவரும் உறுப்பினரே. 1983இலே இக்குழுக்களுக்குப் பொதுவான தருமநிதியம் பதிவுசெய்யப்பட்டது. 2019ஆம் ஆண்டளவிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்க்குழுக்களும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரும் இருந்தனர்.

இம்முறை தனிமையை வெல்லும் விதம் யாது? பத்துப் பேர் கூடும் தாவரவியற் குழுவொன்றை எடுத்துக்கொள்வோம். இளைப்பாறிய தபாற்காரர் ஒருவர் தாம் நாற்பதாண்டு நடந்த வயல்வழிகளின் செடிகளை அறிவார். அடுத்த செவ்வாயன்று அவரே வழிகாட்ட வேண்டும். அவர் வராவிடின் அன்று குழு புறப்படாது. தேநீர்க் கழகத்துக்கு அவர் வராதுவிட்டால் ஒரு கோப்பை மிஞ்சும், அவ்வளவே. தம்மை எதிர்பார்த்து நிற்போர் உளர் என்ற உறுதியே தொடர்பாகும். பெத்னல் கிறீன் பாட்டிக்கு மகளின் வீட்டிலே கிடைத்த அதே உறுதியை, உறவுக்கும் ஊதியத்துக்கும் வெளியிலே அமைத்துக் கொடுத்தமையே இவ்வியக்கத்தின் வரலாற்றுப் பங்களிப்பாகும்.

6. வர்க்கமும் மூன்றாம் பருவமும்

இதன் குறைபாடுகளையும் கூறாதுவிடின் நமது ஆய்வு ஒருபக்கச் சார்பாகிவிடும். 1989இலே வெளியான நூலிலே லாஸ்லற் வாழ்வை நான்கு பருவங்களாக வகுத்தார். சார்ந்து வாழும் இளமை, உழைத்துப் பொறுப்புச் சுமக்கும் காலம், தன்னிறைவு காணும் மூன்றாம் பருவம், மீண்டும் சார்ந்து வாழும் இறுதிக் காலம் என்பன அவை. மூன்றாம் பருவம் யாவருக்கும் ஒரே அளவிற் கிட்டுவதில்லை. சுரங்கத்திலே நுரையீரலை இழந்தவர் இரண்டாம் பருவத்திலிருந்து நேரே நான்காவதற்குச் செல்கின்றார். இவ்வியக்கத்தின் உறுப்பினருட் பெரும்பாலோர் ஆசிரியர், எழுதுவினைஞர் முதலிய மத்தியதர வகுப்பினராக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். தாம் அறிந்ததை 'அறிவு' எனக் கருதும் துணிவே பள்ளியிலே பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பது மற்றொன்று.

பல்கலைக்கழகங்களுக்கான அரச நிதி கடுமையாக வெட்டப்பட்ட 1981ஆம் ஆண்டிலேயே இவ்வியக்கம் பிறந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. செலவற்ற சுயவுதவி, செலவைக் குறைக்க விரும்பிய அரசாங்கத்துக்கு உவப்பானதே. ஓய்வூதியத்தைச் சராசரி ஊதிய உயர்வோடு இணைத்திருந்த ஏற்பாட்டை அதே அரசாங்கம் 1980இலே அறுத்துவிட்டது.

இவ்விடத்திலே மற்றோர் அணியையும் குறிப்பிடல் வேண்டும். ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே சர்வதேசப் படையணியிலே நின்று காயமுற்றவரும், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக விளங்கியவருமான ஜாக் ஜோன்ஸ் 1978இலே இளைப்பாறினார். இளைப்பாறியோரின் கோரிக்கைகளை ஒன்றுதிரட்டும் தேசிய ஓய்வூதியர் மாநாட்டை அடுத்த ஆண்டிலே உருவாக்கி, 2009இலே மறையும் வரை அவ்வியக்கத்தோடு இணைந்திருந்தார். ஓய்வூதிய உயர்வு, எரிபொருள் உதவி, இலவசப் பேருந்துப் பயணம் என்பன இத்தகைய இயக்கங்களின் கோரிக்கைகள். இலண்டனிலே 1973இலே முதியோருக்குக் கிடைத்த இலவசப் பேருந்துப் பயணம், 2008இலே இங்கிலாந்து முழுவதுக்கும் விரிந்தது. பேருந்துச் சீட்டைத் தனிமைக்கான மருந்தென எவரும் அழைப்பதில்லை. ஆனால் நண்பரின் வீட்டுக்குச் செல்லக் காசில்லாதவருக்கு நட்பைப் பற்றி உபதேசிப்பது வீண். கூட்டத்துக்கு வந்து துண்டுப் பிரசுரத்தை மடித்துக் கொடுத்த முதியவர், உரிமைக்காக வந்தார். தோழமையையும் பெற்றுச் சென்றார். இவ்விரண்டு அணிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. ஒன்று பணியைக் கொடுத்தது. மற்றையது பணியாற்றுதற்கான பொருள்நிலையைக் கோரியது.

7. நமது சூழல்

இலங்கையிலே ஓய்வூதியம் குடியேற்ற ஆட்சியின் உத்தியோக அமைப்போடு வந்தது. 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு இன்றும் அரசாங்க சேவையின் ஓய்வூதியத்துக்கு அடிப்படையாகும். 'பென்சன்' என்ற சொல் யாழ்ப்பாணத்துக் கல்யாணப் பேச்சுகளிலே பெற்ற மதிப்பை விளக்கவேண்டியதில்லை. கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்தவரும், மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் உழைத்தவரும் இளைப்பாறி ஊருக்குத் திரும்பினர். பின்னையோரை ஊரார் 'மலாயன் பென்சனியர்' என்றே அழைத்தனர். கோயில் நிருவாகம், பாடசாலைச் சபை, ஐக்கிய நாணய சங்கம், வாசிகசாலை, சனசமூக நிலையம் ஆகியவற்றிலே இவர்களுக்குப் பணி காத்திருந்தது. கணக்கெழுத ஒருவர், மனு எழுத ஒருவர், பத்திரிகையை உரக்க வாசிக்க ஒருவர் ஊருக்குத் தேவைப்பட்டனர். கேம்பிரிட்ஜிலே பெயரிட்டுத் தொடங்கப்பட்டதன் சில கூறுகள் நமது கிராமங்களிலே பெயரின்றி நிலவின எனலாம்.

ஆனால் இதனையும் பொற்காலமாக்குதல் ஆகாது. அக்கோயிலும் அவ்வாசிகசாலையும் யாவருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியினாலே வெளியே நிறுத்தப்பட்டோருக்கு ஓய்வூதியமும் இல்லை. நிருவாக சபையில் ஆசனமும் இல்லை. பெண்களின் முதுமை அடுப்படியிலேயே கழிந்தது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது மாதாந்த ஓய்வூதியமன்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதியின் ஒரு தொகையே. ஐம்பது வயதிலே அதனைப் பெறும் பெண் தொழிலாளி, மகளின் பிள்ளைகளை லயத்தறையிலே பார்த்துக்கொள்ளும் இரண்டாம் வேலையைத் தொடங்குகின்றார். அவரை இளைப்பாறியவர் என அழைப்பதே பொருத்தமற்றது.

இந்நிலைமைகளும் இன்று மாறிவிட்டன. 1983க்குப் பின்னர் பெருகிய புலம்பெயர்வும், போரும், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தவர் கண்டது போன்ற இடப்பெயர்வுகளும் கிராமத்தின் தொடர்புப் பின்னலைக் கிழித்தன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிள்ளைகள்; பூட்டிய அறைகள் பல கொண்ட வீட்டிலே தாயோ தந்தையோ. மாதந்தோறும் பணம் வருகின்றது. பேசும் கருவியிலே முகமும் தெரிகின்றது. பெத்னல் கிறீன் ஆய்வு கூறிய 'இழப்பு' இங்கே ஒரு தலைமுறை முழுவதற்கும் நேர்ந்திருக்கின்றது. நாட்டின் மக்கள்தொகையிலே அறுபது வயதைக் கடந்தோர் 1981இலே 6.6 சதவீதம், 2012இலே 12.4 சதவீதம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க முனைந்தது. அரசாங்க சேவையிலே கட்டாய இளைப்பாறும் வயது 2022இலே 65 ஆக உயர்ந்து, 2023 ஜனவரியிலே மீண்டும் 60 ஆயிற்று. ஒருவர் எப்போது முதியவராகின்றார் என்பதை உடலைவிடத் திறைசேரியே கூடுதலாகத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதுவே போதிய சான்று.

முடிவாகச் சில கூறலாம். இளைப்பாறியோரின் தனிமை இயற்கையுமன்று, குணக்குறையுமன்று, பிள்ளைகளின் நன்றியின்மை மட்டுமன்று. உழைப்பின் வழியாக மனிதரைப் பிணைத்துவிட்டு, குறித்த நாளிலே அவ்விழையை அறுத்துவிடும் சமூக ஒழுங்கின் விளைவு அது. ஆகவே அவர்களின் பொழுதை எவ்வாறு போக்குவது என்ற வினா பிழையானது. அவர்கள் செய்வதற்கு எப்பணியை நாம் விட்டுவைத்திருக்கிறோம் என்பதே சரியான வினா. மூடிக்கிடக்கும் சனசமூக நிலையத்தைத் திறந்து, இளைப்பாறிய ஆசிரியையும் மீனவரும் தோட்டத் தொழிலாளியும் தாம் அறிந்ததைக் கற்பிக்கும் இடமாக, சாதி பால் வேறுபாடின்றி ஆக்குவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. அவர்கள் அங்கு வந்துசேர வழிச்செலவும், வயிறாற உண்ண ஓய்வூதியமும் வேண்டும். முன்னையது நம் கையில் உள்ளது, பின்னையதற்குப் போராடவேண்டியிருக்கும். இரண்டையும் ஒன்றாகக் காண்பதே பிரித்தானிய அனுபவத்தினின்று நாம் பெறத்தக்க படிப்பினை.